வியாழக்கிழமை நிறுத்தம்

அட்லஸ் சுரங்கக் குடியிருப்பு
19 நவம்பர் 1994, சனி இரவு

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் வகுப்பை விட்டுப் போன கோபத்தில், உங்களுக்கு எழுதுவதில்லை என்று நானும் சில்வியாவும் சத்தியம் செய்திருந்தோம். நான் மீறுகிறேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

நீராவிக் குளியல் போடும் சவுனா அறைக்கு வெளியே துணி மாற்றும் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். சனிக்கிழமைக் குளியல் முடிந்த பிறகும் இங்கே நெடுநேரம் சூடு இருக்கும். அப்பா மேலே தூங்குகிறார். இங்கே விளக்கெரிந்தால் அவர் அறைக்குத் தெரியாது. காகிதமும் பேனாவுமாக என்னைப் பார்த்தால் அம்மாவுக்கு எழுதுகிறேன் என்றுதான் நினைப்பார். அம்மா போனதிலிருந்து எங்கள் வீட்டில் காகிதம் என்றாலே வக்கீல்தான்.

அப்பா கத்த மாட்டார். கத்தினால்கூடப் பரவாயில்லை. பேசுவதை நிறுத்திவிடுவார். ஆகஸ்டில் நான் அம்மாவோடு ஒருமுறை தொலைபேசியில் பேசியது தெரிந்தபோது, "அவ கதவச் சாத்திட்டுப் போனா. நாம தொறக்க வேண்டாம்" என்றார். அதோடு சரி. பிறகு பல நாள் தட்டு வைக்கிற சத்தம், தட்டு எடுக்கிற சத்தம், லாரி கிளம்புகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. 

உங்கள் இடத்தில் வந்திருக்கும் மிஸ்டர் டுஃப்ரேன் நல்லவர். ஹாக்கி ஆடுவார். ஆனால் ஈரக் கையுறைகளை ரேடியேட்டர் மேல் வைக்கக் கூடாது என்கிறார். தீப்பிடிக்குமாம். உங்கள் காலத்தில் பத்து மணிக்கே வகுப்பு முழுக்க ஆட்டுப்பட்டி மாதிரி மணக்கும். இப்போது எதுவுமே மணப்பதில்லை. பால் பெட்டியையும் ஜன்னல் விளிம்பில் வைப்பதில்லை. அதனால் பாலில் ஐஸ் துணுக்கும் இல்லை. சுப்பீரியர் ஏரியின் வரைபடத்தில் கப்பல்களுக்கு ஊசி குத்துவோமே, அந்தப் படம் சுவரிலேயே இருக்கிறது. நீங்கள் போன அன்று எந்தக் கப்பல் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது.

நீங்கள் போவதைச் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை, பால் வந்த பிறகு. "எனக்கு மாவட்ட அலுவலகத்துல வேலை குடுத்திருக்காங்க. அதுவும் பள்ளிக்கூட வேலைதான்" என்றீர்கள். ஆளெடுக்கிறதும் ஆளை அனுப்புகிறதும் எப்படிப் பள்ளிக்கூட வேலையாகும்? அன்று பஸ்ஸில் டானி சொன்னான்: "நம்மளப் பிடிக்கலன்னு அர்த்தம். பிடிச்சிருந்தா ஜூன் வரைக்குமாவது இருந்திருப்பாங்க." நான் அவனோடு சண்டை போட்டேன். 

ஏன் போனீர்கள் டீச்சர்?

பள்ளி அலுவலகத்தில் மிஸஸ் கோஸ்கெலாதான் பள்ளிகளுக்குள் சுற்றும் இந்தப் பழுப்பு உறையைக் கொடுத்தார். "தபால்தலை வேண்டாம், கேள்வியும் வேண்டாம். பதில் வந்தா என் மேசையில இருக்கும்" என்றார்.

லெம்பி காங்கஸ்
(கடைசி வரிசை, ஜன்னலோரம்)


மாவட்டப் பள்ளி அலுவலகம், ஃபார்னம்
23 நவம்பர் 1994

அன்புள்ள லெம்பி,

அந்த உறை என் மேசைக்கு வந்தபோது சிரித்துவிட்டேன். சமையல் மேற்பார்வையாளர் பெயர் அடித்து, இசை ஆசிரியர் பெயர் அடித்து, கொதிகலன் அறை அடித்து, அதற்குக் கீழே உன் சாய்ந்த எழுத்தில் என் பெயர். நம் மாவட்டத்துப் பள்ளிகள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொள்ளும் எல்லாமே இப்படி இன்னொருவர் பெயருக்குக் கீழேதான் வருகின்றன. இந்த வேலைக்கு வந்த பிறகு எனக்கு மிகவும் பிடித்தது இந்த உறைகள்தான்.

மற்றதெல்லாம் பழகவில்லை. பதினெட்டு வருடம் மணி அடித்தால்தான் கழிப்பறைக்குப் போனவள் நான். இங்கே மணி கிடையாது. முதல் வாரம் முழுவதும் காத்துக்கொண்டே இருந்தேன். ஒரு கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியபோது என்னை அறியாமல் கையைத் தட்டி, "கண்கள் இங்கே" என்று சொல்லிவிட்டேன். மூன்று தலைமையாசிரியர்கள் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

என் கதவில் முன்பு 'பணியாளர் பிரிவு' என்று இருந்தது. போன மாதம் 'மனிதவளப் பிரிவு' என்று மாற்றினார்கள். பலகை மாட்ட வந்த கிழவர், சுரங்கத்தில் இருந்தவர், ஏணியில் நின்றபடியே சொன்னார்: "தாமிர வளம்னாங்க. தோண்டினாங்க. தீந்ததும் பூட்டிட்டுப் போனாங்க. இப்ப மனுச வளமா? பாத்து இருங்கம்மா."

ஒரு தவறும் செய்துவிட்டேன். பள்ளிச் சமையலறை வேலைக்கு ஒரு பெண் விண்ணப்பம் அனுப்பியிருந்தார். கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது. பிழைகளைத் திருத்தி, ஓரத்தில் 'நல்ல முயற்சி, இன்னொரு முறை எழுது' என்று போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தப் பெண் என்னைவிட மூத்தவர். மாவட்டக் கல்வி அதிகாரி மிஸ்டர் ஹால்வர்சன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ரோஸலிண்ட், இங்க வர்ற காகிதத்துல நாம ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. திருப்பியும் அனுப்பக் கூடாது. வந்தது வந்தபடி கோப்புக்குப் போகணும். அவ்வளவுதான் நம்ம வேலை" என்றார். விண்ணப்பம் மறுபடி வந்தது, ஒரு பிழை இல்லாமல். அந்தப் பெண்ணுக்கு வேலையும் கிடைத்தது. 

ஆட்டுப்பட்டி வாசனையைப் பற்றி எழுதியிருந்தாய். என் குளிர்கோட்டின் கைகளில் அது இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன். துவைக்கக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

ஏன் போனேன் என்று கேட்டாய். அதை இன்னொரு கடிதத்தில் சொல்கிறேன். பிடிக்காமல் அல்ல என்பதை மட்டும் டானியிடம் சொல்.

அன்புடன்,
ரோஸலிண்ட் ட்ரெவாரோ


10 டிசம்பர் 1994, சனி இரவு

அன்புள்ள டீச்சர்,

டானியிடம் சொன்னேன். "அப்படித்தான் சொல்லுவாங்க" என்றான்.

இன்று பனி நிறையப் பெய்தது. நீங்கள் இருந்தால் வாசல் கம்பத்தில் அளந்து வரச் சொல்லியிருப்பீர்கள். நான் தனியாகப் போய் அளந்தேன். யாரும் எண்ணைக் கேட்கவில்லை.

பஸ்ஸில்தான் கொஞ்சம் பழைய மாதிரி இருக்கிறது. மிஸ்டர் ரூஸ்கா ஓட்டிக்கொண்டே இன்னும் அதே பாட்டைத்தான் முணுமுணுக்கிறார். சின்னப் பையன் ஒருவன் ஜன்னல் ஐஸை நக்கப் போனான். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "டேய், நாக்கு ஒட்டிக்கும். அப்புறம் உங்கம்மாவ வெந்நீரோட வரச் சொல்லணும். அவங்க எனக்கும் காப்பி போட்டுக் கொண்டாந்தா சரி, நக்கு" என்றார்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆனால் பாதிதான் சொல்வேன். வியாழக்கிழமைகளில் அப்பாவுக்கு மர ஆலையில் இரவு வேலை. அன்று நான் வீட்டுப்பாடம் செய்ய ஓர் இடம் இருக்கிறது. அங்கே சோப்பு வாசனை அடிக்கும். வட்டக் கண்ணாடிக்குள் யாருடைய போர்வைகளோ சுற்றிக்கொண்டே இருக்கும். ஏலக்காய் போட்ட ரொட்டி இருக்கும். ஒருவர் என் தலைமுடியைப் பின்னிவிடுவார். வீட்டுக்கு வருவதற்குள் நான் பின்னலை அவிழ்த்துவிடுவேன். ஆனால் முடி கொஞ்ச நேரம் வளைந்தே இருக்கும். அதனால் தொப்பியைக் கழற்றாமல் தூங்கிவிடுவேன்.

எப்படிப் போகிறேன், எப்படி வருகிறேன் என்று கேட்காதீர்கள்.

லெம்பி


15 டிசம்பர் 1994

அன்புள்ள லெம்பி,

கேட்க மாட்டேன். ஏலக்காய் ரொட்டி என்று படித்ததும் பசி எடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

கம்பத்தில் எவ்வளவு இருந்தது என்று எழுது. எனக்கு அந்த எண் வேண்டும்.

இந்தக் கடிதத்தை விடிவதற்கு முன் எழுதுகிறேன். எந்த ஆசிரியருக்குக் காய்ச்சலோ அவருக்குப் பதில் ஆள் தேடுவது என் வேலை. இருட்டில் ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் எழுப்புவேன். இன்று ஓய்வுபெற்ற ஒருவரை எழுப்பி, "இரண்டாம் வகுப்புக்கு வர முடியுமா?" என்றேன். "ரெண்டாம் வகுப்பா? போன வாரம் ஒருத்தன் என் ஷூவுல பசையை ஊத்தினான். பரவால்ல, வர்றேன்" என்றார். அவர் குரலில் இருந்த அவசரத்தைக் கேட்டுப் பொறாமையாக இருந்தது.

நீ கேட்டதற்குப் பதில். எனக்கு இடது காது கேட்பதில்லை. வலது காதும் பாதிதான். இரண்டு வருடமாகவே அப்படி. முன்வரிசைக் குரல்கள் வரும். பின்வரிசைக் குரல்கள் வராது. நீ பதில் சொல்லும்போது உன் உதட்டைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்து, சரியாகத்தான் சொல்லியிருப்பாய் என்று தலையாட்டியிருக்கிறேன். செப்டம்பரில் ஒருநாள் நீ கையைத் தூக்கி ஏதோ கேட்டாய். நான் "ரொம்ப நல்லது" என்றேன். வகுப்பே சிரித்தது. நீ கழிப்பறைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய்.

இங்கே எல்லோரும் ஒவ்வொருவராக வந்து என் எதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். எல்லாம் கேட்கிறது. ஆனால் யாரும் கையைத் தூக்குவதில்லை.

ரோஸலிண்ட் ட்ரெவாரோ


14 ஜனவரி 1995, சனி இரவு

டீச்சர்,

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு பஸ்ஸில் மிஸ்டர் ரூஸ்கா இல்லை. வேறொருவர் ஓட்டுகிறார். பெயர்கூடச் சொல்லவில்லை.

டானி பஸ் முழுக்கக் கேட்கும்படிச் சொன்னான்: "ரூஸ்காவ நிறுத்திட்டாங்க. எங்க சித்தப்பாதான் புகார் குடுத்தாரு. மில் தெருவுல நிறுத்தமே கெடையாது. அங்க ஒரு பொண்ண எறக்கி விடறாராம். திரும்பி வரும்போது காலி பஸ்ஸுல அவள மட்டும் ஏத்திக்கிட்டு வர்றாராம். சித்தப்பா பனி தள்ளுற வண்டியிலேர்ந்து ரெண்டு வாட்டி பாத்திருக்காரு."

"எதுக்கு?" என்றாள் சில்வியா.

"எதுக்குன்னா கேக்குற?"

பின்னால் இருந்த பெரிய பையன்கள் சிரித்தார்கள். எனக்கு முதலில் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது புரிந்தது. ஒரு காலை மட்டும் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"தொப்பி போட்ட பொண்ணு, முகம் தெரியல" என்று டானியின் சித்தப்பா சொன்னாராம். குளிர்காலத்தில் இங்கே எல்லாப் பெண்ணும் தொப்பி போட்ட பெண்தான். அது எவ்வளவு நாளைக்குக் காப்பாற்றும் என்று தெரியவில்லை.

இது உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறதா? அவரை என்ன செய்வார்கள்? அவர் ஏதாவது சொன்னாரா? தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள். எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.

லெம்பி


18 ஜனவரி 1995

அன்புள்ள லெம்பி,

பணியில் இருக்கும் யாரைப் பற்றியும் நான் வெளியில் எதுவும் சொல்லக் கூடாது. விசாரணையில் இருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி இந்த அலுவலகத்துக்கு வரும் எந்தத் தாளும் கோப்புக்குப் போக வேண்டும். ஒரு பிள்ளையைப் பற்றிய தாள் கோப்பில் இருந்தால், அந்தப் பிள்ளையின் பெற்றோர் கேட்டுப் படிக்கலாம்.

அதனால் இதைப் பற்றி எனக்கு எழுதாதே.

வேறு எதைப் பற்றியும் எழுது.

ரோ. ட்ரெவாரோ


21 ஜனவரி 1995, சனி இரவு

மிஸஸ் ட்ரெவாரோ அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அது பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் அறிவிப்பு மாதிரி இருந்தது. நீங்கள் எங்களோடு இருந்தபோது யாராவது அழுதால் பாடத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து முட்டி போட்டு உட்காருவீர்கள். அப்போது உங்கள் பாவாடையில் சாக்பீஸ் தூள் இருக்கும். காது கேட்காததற்காகத்தான் கிட்டே வந்தீர்கள் என்று இப்போது தெரிகிறது. எனக்கு அப்போது அது தெரியாது. கிட்டே வந்தீர்கள் என்பதுதான் தெரியும்.

நீங்கள் எழுத வேண்டாம் என்றதைப் பற்றி இந்தத் தாளில் எழுதவில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையைப் பற்றி எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு ஆர்வோ மாமா வந்திருந்தார். நான் மாவுக்குள் கறி வைத்துப் பாஸ்டி சுட்டிருந்தேன். உள்ளே வைத்த டர்னிப் கிழங்கு சரியாக வேகவில்லை. யாரும் அதைச் சொல்லவில்லை. ஊரே பேசுவதை அவர்களும் பேசினார்கள்.

"யார் வீட்டுப் பொண்ணோ" என்றார் ஆர்வோ மாமா.

"பெத்தவன் எங்க போனான்?" என்றார் அப்பா. "தன் பொண்ணு எந்த எடத்துல எறங்குதுன்னுகூடத் தெரியாம ஒருத்தன் இருப்பானா?"

"தெரிஞ்சா சும்மா விடுவானா?"

"நானா இருந்தா" என்று அப்பா ஆரம்பித்தார். முடிக்கவில்லை. வெண்ணெயைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

பள்ளி வாரியம் கூடிப் பேசி அவரை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று மிஸஸ் கோஸ்கெலா தொலைபேசியில் யாரிடமோ சொன்னதைக் கேட்டேன். என்னால் தூங்க முடியவில்லை. வாயைத் திறந்தால் அப்பா. திறக்காவிட்டால் அவர். எனக்கு எழுதத்தான் வரும். அதனால் அடுத்த தாளில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். உங்கள் கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

லெம்பி காங்கஸ்


27 ஜனவரி 1995

அன்புள்ள லெம்பி,

முதல் தாளைப் படித்தேன். இரண்டாவது தாளின் தலையில் ஒரு பெயரைப் பார்த்ததும் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதைத் தாண்டி ஓர் எழுத்துக்கூடப் படிக்கவில்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். திருப்பி அனுப்பக் கூடாது என்று எனக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கிறது என்பது உனக்குத் தெரியும்.

வகுப்பில் பிள்ளைகளிடமிருந்து வாங்கும் துண்டுச் சீட்டுகளை என் இழுப்பறையில் போட்டுவைப்பேனே, நினைவிருக்கிறதா? ஒன்றையும் படித்ததில்லை. ஜூன் கடைசி நாள் அவரவரிடம் கொடுத்துவிடுவேன். உங்களுக்கே அதற்குள் என்ன எழுதினோம் என்பது மறந்திருக்கும். நின்ற இடத்திலேயே படித்துச் சிரிப்பீர்கள். இந்த மேசைக்கும் இழுப்பறை உண்டு. ஆனால் அதில் இருக்கும் எதுவும் என்னுடையதில்லை.

இந்தத் தாள் கோப்புக்குப் போனால் அவருக்கு அது உதவக்கூடும். ஆனால் உன் அப்பா தன் வீட்டுச் செய்தியை அந்நியர் ஒருவரின் மேசையில் உட்கார்ந்து படிப்பார். அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. இதைச் சரியென்று சொல்லவில்லை. முடியவில்லை என்று சொல்கிறேன்.

இந்த விசாரணையிலிருந்து நான் விலகிவிட்டேன். அந்தப் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் எல்லோரும் என் வகுப்புப் பிள்ளைகள், நான் இதைக் கையாளக் கூடாது என்று மிஸ்டர் ஹால்வர்சனிடம் சொன்னேன். இப்போது அவரே பார்க்கிறார். என் கையில் எதுவும் இல்லை.

எங்கள் கூடத்துச் சுவரில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி ஒட்டியிருப்பதை மட்டும் எழுதுகிறேன். வாரியம் பிப்ரவரி 13, திங்கள் மாலை, உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் கூடுகிறது. கதவு திறந்திருக்கும். யாரும் எழுந்து பேசலாம். சிறுவர்கள் பேசுவதானால் பெற்றோரில் ஒருவர் உடன் வர வேண்டும். ஒருவர் போதும்.

பயம் என்று எழுதியிருந்தாய். நான் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள். இவ்வளவு தொலைவிலிருந்து வேறெப்படிச் செய்வது என்று தெரியவில்லை.

ரோஸலிண்ட் ட்ரெவாரோ


11 பிப்ரவரி 1995, சனி இரவு

அன்புள்ள டீச்சர்,

அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன்.

மிஸஸ் கோஸ்கெலாவின் மேசைத் தொலைபேசியிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். மிஸஸ் கோஸ்கெலா கோட்டைப் போட்டுக்கொண்டு, "எனக்குப் பனி எவ்வளவு விழுந்திருக்குன்னு பாக்கணும்" என்று வெளியே போய் நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தான் வேலை செய்யும் சலவைக் கடையின் எந்திரச் சத்தத்தில் அம்மா இரண்டு முறை "என்னது?" என்றார். 

"அந்த ரூஸ்கா மனுசன் ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லலையே" என்றார். "நான் வர்றேன் கண்ணு. உன் பக்கத்துல நிக்கிறேன். ஆனா மொதல்ல அப்பாகிட்ட நீ சொல்லணும். நான் சொன்னா அது சண்டை ஆயிடும்."

பத்து நாள் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லப் போவேன். அப்பா செய்தித்தாளைத் திருப்புவார், நான் உப்பை நகர்த்துவேன். இன்று காலை அப்பா கூரையில் ஏறிப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். கூரையில் இருந்தால் எழுந்து வேறு அறைக்குப் போக முடியாது என்று தோன்றியது. ஏணியில் ஏறினேன்.

"கீழ எறங்கு. வழுக்கும்" என்றார்.

"மில் தெருவுல எறங்கின பொண்ணு நான்தான்" என்றேன். "நான்தான் ரூஸ்காகிட்டக் கேட்டேன். அம்மாவப் பாக்கத்தான். வேற ஒண்ணும் இல்ல. திரும்பி வர்றப்ப அவரு பாட்டு மட்டும்தான் பாடுவாரு. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு நான் கேட்டுக்கிட்டேன்."

அப்பா மண்வெட்டி நிறையப் பனியை அள்ளினார். அதை எறியாமல் அப்படியே வைத்திருந்தார்.

"நீ சொல்லாதீங்கன்னதுக்கா வேலைய விடுறான்?"

"ஆமா."

"எதுக்கு எங்கிட்டக் கேக்கல?"

"நீங்க பேசாம இருந்துருவீங்கன்னு பயமா இருந்துச்சு."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பனியை எறிந்தார். இன்னொரு முறை அள்ளினார். நான் ஏணியிலேயே நின்றேன். ஏணி ஆடிச் சத்தம் போட்டது. உடனே அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கூரையில் குப்புறப் படுத்து, நான் கீழே போகும்வரை ஏணியின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒன்றும் பேசவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் பேசவில்லை. திங்கட்கிழமை அம்மா வந்து என்னைக் கூட்டிப்போகிறார். அப்பா என்ன செய்வார் என்று தெரியாது. இப்போது மேலே அவர் நடக்கிற சத்தம் கேட்கிறது. விளக்கை அணைக்கிறேன்.

லெம்பி


14 பிப்ரவரி 1995

அன்புள்ள லெம்பி,

நேற்று உன்னோடு பேச முடியவில்லை. நான் வாரியத்தின் மேசைக்குப் பின்னால் குறிப்பெடுக்கும் இடத்தில் இருந்தேன். நீ எழுந்ததும் குறிப்பை நிறுத்திவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். நீ பேசியதில் ஒரு வார்த்தையும் எனக்குக் கேட்கவில்லை. அந்த நூலகம் பெரியது, உன் குரல் சின்னது. பழைய வழக்கப்படி முகங்களைப் பார்த்தேன். டானியின் சித்தப்பா முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார். பிறகு தரையைப் பார்த்தார். உன் அம்மா உன் தோளைத் தொடப் போய், தொடாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மிஸ்டர் ரூஸ்கா உன்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார், வேண்டாம் என்பதுபோல.

நீ திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். உன் அப்பா வந்திருந்தார். கோட்டுகள் மாட்டும் இடத்தில், கதவோரம், ஆலைப் பூட்ஸோடு கடைசிவரை நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கேட்டது, பெரியவர்கள் சத்தமாகப் பேசுவதால். வாரியத் தலைவியம்மா மிஸ்டர் ரூஸ்காவிடம் கேட்டார்: "ஐனோ, இத நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"அந்தப் பொண்ணு சொல்லாதீங்கன்னுச்சு. என் வேலை என் விஷயம். அது அவ விஷயம்."

"ஆனா விதிய மீறினது மீறினதுதான்."

"ஆமா."

"மறுபடி செய்வீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பெத்தவங்க கையெழுத்துப் போட்டுச் சீட்டு குடுத்தா செய்வேன். இல்லன்னா... அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்திருக்கீங்களா நீங்க?" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள்.

தீர்ப்பு உனக்குத் தெரியும். வேலை போகவில்லை. எழுத்தில் எச்சரிக்கை. இனி வடக்குப் பாதையில் ஓட்டுவார், உங்கள் பாதையில் இல்லை. உனக்கு அது கசக்கும். எனக்கும்தான்.

இன்று காலை நானே மிஸ்டர் ஹால்வர்சனிடம் போய், ஒரு தாள் வந்ததையும் திருப்பி அனுப்பியதையும் சொன்னேன். யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் ஓர் எச்சரிக்கை. இந்த அலுவலகத்தில் எச்சரிக்கைகளைத் தட்டச்சு செய்வது நான், பெறுபவர் கையெழுத்தை வாங்குவது நான், கோப்பில் வைப்பதும் நான். அவர் சொல்லச் சொல்ல என் எச்சரிக்கையை நானே தட்டச்சு செய்தேன். "பிழை இருந்தா இருக்கட்டும் ரோஸலிண்ட், திருத்தாத" என்றார். இரண்டு இருந்தன. விட்டுவிட்டேன்.

இது எப்படிப் பள்ளிக்கூட வேலையாகும் என்று கேட்டிருந்தாய். நேற்றுவரை எனக்கும் சந்தேகம்தான். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு இருக்குமே ஒரு வெப்பம், அது அந்த அறையில் இருந்தது. கொஞ்ச நேரம் விளக்கை அணைக்காமல் நின்றேன்.

அப்பா பேசினாரா?

ரோஸலிண்ட் ட்ரெவாரோ


5 மார்ச் 1995, ஞாயிறு, பகல்

அன்புள்ள டீச்சர்,

இதைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா எதிரே சங்கிலி ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"யாருக்கு?" என்றார்.

"ட்ரெவாரோ டீச்சருக்கு" என்றேன்.

"ம்" என்றார். அந்த அளவுக்குப் பேசுகிறார்.

கூட்டத்துக்குப் பிறகு நாலு நாள் பேசவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதீர்கள், எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஐந்தாம் நாள், "வியாழன் வேலைய மாத்திக்கிட்டேன். சாயங்காலம் பள்ளிக்கூட வாசல்ல நில்லு" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வியாழன் லாரியில் மில் தெருவுக்குக் கூட்டிப்போனார். சலவைக் கடைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தினார். இறங்கவில்லை. நான் உள்ளே இருந்த நேரம் முழுக்க இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா ஜன்னல் வழியாகப் புகையைப் பார்த்துவிட்டு, "பெட்ரோல் காசு வீணாப் போகுது" என்றார்.  என் தலையைப் பின்னிவிட்டார். அவிழ்க்காமல் வந்து ஏறினேன். அப்பா பின்னலைப் பார்த்தார். பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

இந்த வியாழன் மறுபடி போனோம். பாலத்தருகே எதிரில் ஒரு பள்ளிப் பஸ் வந்தது. மிஸ்டர் ரூஸ்கா. வடக்குப் பாதையை முடித்துவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். பாலத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். அவர் நின்று எங்களுக்கு வழி விட்டார். பக்கத்தில் போகும்போது அவர் வாய் அசைவது தெரிந்தது, அதே பாட்டு. நான் கையாட்டலாமா வேண்டாமா என்று அப்பாவைப் பார்த்தேன். அதற்குள் அப்பா ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலை உயர்த்திவிட்டார். நம் ஊரில் தெரிந்தவர்களுக்குச் செய்வார்களே, அந்த மாதிரி.

அப்புறம் சலவைக் கடைக்கு நேர் எதிரே நிறுத்தினார். நான் கதவைத் திறந்து இறங்கி, பாதி தூரம் போய்விட்டேன். பின்னால் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். இன்ஜினை அணைத்திருந்தார்.

லெம்பி